பழைய கம்ப்யூட்டர் கேம்களை எப்படி வகை பிரிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மாற்றும்போது பரணில் கிடைத்த ஃப்ளாப்பிப் பெட்டியையும் பழைய டிவி கேம் கேசட்டுகளையும் தூக்கிப்போட மனம் வராமல் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பவர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள். அவற்றை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையில் பெயர், ஆண்டு, வகை எழுதி அடுக்கி வைக்கிறேன். பெயரும் ஆண்டும் பெரும்பாலும் முதல் திரையிலேயே கிடைத்துவிடும். வகை எழுதும்போதுதான் பேனா நிற்கும். கொடுக்க வருகிறவர்கள், பார்க்க வரும் கல்லூரி மாணவர்கள், பள்ளியில் கணினி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைப் பதிலோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்த ஆண்டு வரை வந்ததை ‘ஆரம்பக் காலம்’ என்கிறீர்கள்?

1952 முதல் 1993 வரை. 1952இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஏ. எஸ். டக்ளஸ் எட்சாக் கணினியில் எக்ஸ்-ஓ ஆட்டத்தை எழுதினார். எதிரே ஆடியது கணினி. 1993 டிசம்பரில் டூம் என்ற சுடும் விளையாட்டு வந்தது. இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வகைப் பெயர்களில் பெரும்பாலானவை இந்த நாற்பது ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக உண்டானவை. அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒரு வகையை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். முன்னால் இருந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. கையில் ஒரு இயந்திரம் இருந்தது, அதில் எதைச் செய்ய முடியுமோ அதைச் செய்தார்கள்.

வகையை எதை வைத்து முடிவு செய்வது? கதையா, படமா, ஆடும் விதமா?

ஆடும் விதம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் ஏன் என்று விளக்க வேண்டும்.

இரண்டு விண்வெளி விளையாட்டுகளை எடுத்துக்கொள்வோம். 1962இல் எம்ஐடியில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினியில் செய்த ஸ்பேஸ்வார். இரண்டு பேர், இரண்டு கப்பல்கள், நடுவில் ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தின் ஈர்ப்பு கப்பலை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். திருப்ப வேண்டும், உந்த வேண்டும், சுட வேண்டும், எல்லாம் ஒரு நொடிக்குள். இன்னொன்று 1971இல் மைக் மேஃபீல்டு பேசிக் என்ற நிரல் மொழியில் எழுதிய ஸ்டார் டிரெக். அதற்குத் திரையே தேவையில்லை. டெலிடைப் இயந்திரம் காகிதத்தில் ஒரு வரைபடத்தை அடித்துக் கொடுக்கும். எந்தப் பக்கம் போவது, எவ்வளவு எரிசக்தியைக் கவசத்துக்கு ஒதுக்குவது, எதிரி எந்தக் கட்டத்தில் இருப்பான் என்று யோசித்து எண்ணைத் தட்ட வேண்டும். நடுவில் எழுந்து டீ குடித்துவிட்டு வந்தாலும் ஒன்றும் ஆகாது. கப்பல், வெடி, எதிரி எல்லாம் இரண்டிலும் உண்டு. இருந்தாலும் ஒன்றில் கெட்டிக்காரர் இன்னொன்றில் கெட்டிக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இவற்றை ஒரே தட்டில் வைத்தால் அந்தத் தட்டுக்குப் பொருளே இல்லை.

தமிழ் படித்தவர்களிடம் இதைச் சொல்லும்போது தொல்காப்பியம் எனக்குக் கைகொடுக்கிறது. அகத்திணையை அது முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துத் தெய்வம், விலங்கு, மரம், பறை எல்லாம் கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று மனிதர்களிடையே நடப்பது உரிப்பொருள். உரி அல்லாதவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்று அகத்திணையியல் இடம் கொடுக்கிறது. குறிஞ்சிப் பூ வந்துவிட்டதாலேயே அந்தப் பாட்டு குறிஞ்சித் திணை ஆகிவிடாது.

பழைய விளையாட்டுக்கும் இதே மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். எந்த இயந்திரத்தில், எந்த ஆண்டில் ஓடியது? இது முதல். திரையில் என்னென்ன இருக்கின்றன, கப்பலா, குகையா, குரங்கா? இது கரு. ஆடுபவர் விநாடிக்கு விநாடி என்ன செய்கிறார்? இது உரி. வகை என்ற இடத்தில் மூன்றாவது கேள்விக்கான பதிலைத்தான் எழுதுகிறேன். மற்ற இரண்டையும் விடுவதில்லை, அவற்றுக்குத் தனி இடம் உண்டு.

இப்படி வகை பிரிக்கும் வேலையை முதலில் யாராவது ஒழுங்காகச் செய்தார்களா?

புத்தகமாகச் செய்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ் க்ராஃபோர்டு. அட்டாரி என்ற கேம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1984இல் வந்த ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் கேம் டிசைன்’ நூலில் ஒரு முழு அத்தியாயத்தை இதற்கு ஒதுக்கினார். கண்ணும் கையும் வேகமாக வேலை செய்ய வேண்டியவை ஒரு பக்கம், மூளை வேலை அதிகம் கேட்பவை மறுபக்கம் என்று முதலில் இரண்டாகப் பிரித்தார். வேகப் பக்கத்தில் சண்டை, மேஸ் எனப்படும் புதிர்ப்பாதை, விளையாட்டுப் போட்டி, மட்டை, ஓட்டப் பந்தயம், இதர வகை. யோசனைப் பக்கத்தில் அட்வெஞ்சர், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டைச் சார்ந்தவை, போர், அதிர்ஷ்டம், கல்வி, மனித உறவு.

இந்தப் பட்டியலில் என் மனதை விட்டு நீங்காத இடம் அந்த ‘இதர’தான். டாங்கி காங், ஃப்ராக்கர் இரண்டும் தன் பிரிவுகளுக்குள் சரியாக உட்காரவில்லை என்று க்ராஃபோர்டே நேர்மையாக எழுதுகிறார். டாங்கி காங் ஏதோ ஓட்டப் பந்தயம் மாதிரி இருக்கிறது என்று தயங்கி அதை ‘இதர’வில் போட்டார். மேரியோ முதன்முதலில் தலைகாட்டிய விளையாட்டு அது. அந்த மிச்சக் குவியலிலிருந்துதான் பத்தே ஆண்டுகளில் உலகத்திலேயே அதிகம் பேர் ஆடிய வகைகளில் ஒன்றான பிளாட்ஃபார்ம் எழுந்து வந்தது. அதனால் என் அடுக்கிலும் ‘இதர’ என்று ஒரு பெட்டி எப்போதும் இருக்கும். எதையும் வலிந்து இழுத்து ஒரு வகைக்குள் தள்ளுவதைவிட அதில் வைத்துக் காத்திருப்பது மேல்.

பிறகு 2001இல் மார்க் ஜே. பி. வுல்ஃப் என்ற ஆய்வாளர் 42 வகைகள் கொண்ட பட்டியல் ஒன்று கொடுத்தார். அவரும் ஆடுபவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். ஆராய்ச்சிக்கு நல்லது, வீட்டில் அடுக்க 42 தட்டு அதிகம்.

அட்வெஞ்சர் என்கிறார்கள், ஓட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. உட்கார்ந்து டைப் அடிக்கச் சொல்கிறது. இது எப்படி அட்வெஞ்சர்?

இந்த வகைக்குப் பெயர் வந்ததே ஒரு தனி விளையாட்டிலிருந்துதான். அமெரிக்காவில் வில் க்ரவுதர் என்பவர் நிரல் எழுதுபவர், குகைக்குள் இறங்கிப் பார்க்கும் ஆர்வமும் உள்ளவர். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகையில் தான் கண்ட வழிகளை வைத்து 1970களின் நடுவில் பிடிபி-10 கணினியில் ஒரு விளையாட்டு எழுதினார். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். கணினி ஓர் இடத்தை வார்த்தையில் விவரிக்கும். நாம் ‘விளக்கை எடு’, ‘வடக்கே போ’ என்பது போல இரண்டு சொல்லில் கட்டளை கொடுப்போம். அவ்வளவுதான். அதன் பெயர் அட்வெஞ்சர். அதைப் பார்த்து எழுதப்பட்டவை எல்லாம் ‘அட்வெஞ்சர் கேம்’ ஆயின.

ஆக, இந்த வகையின் உரி என்ன? இடத்தை நினைவில் வைத்து நடமாடுவது, பொருளை எடுத்துவைப்பது, எந்தப் பொருளை எங்கே எப்படிப் பயன்படுத்தினால் கதவு திறக்கும் என்று கண்டுபிடிப்பது. இதைப் பிடித்துக்கொண்டால் அதன் முழு வரலாறும் ஒரே நூலில் கோத்து வரும். எம்ஐடியில் 1977இல் தொடங்கிய ஸோர்க் இன்னும் நீளமான வாக்கியங்களைப் புரிந்துகொண்டது. 1980இல் ராபர்ட்டா வில்லியம்ஸும் கணவர் கென்னும் ஆப்பிள் 2 கணினியில் செய்த மிஸ்டரி ஹவுஸ் வெறும் கோட்டுப் படங்களைச் சேர்த்தது. 1984இல் கிங்ஸ் க்வெஸ்ட்டில் ஒரு ஆள் படத்துக்குள்ளேயே நடந்தார். 1987இல் மேனியாக் மேன்ஷன் டைப் அடிக்கும் வேலையை எடுத்துவிட்டு, திரையில் வரிசையாக இருக்கும் வினைச்சொற்களைத் தேர்ந்தெடுக்க வைத்தது. பத்து ஆண்டுகளில் தோற்றம் அடியோடு மாறிவிட்டது. ஆடுபவர் செய்யும் காரியம் மாறவேயில்லை. அதனால் எழுத்து மட்டும் வரும் ஸோர்க்கையும் படமாக ஓடும் மேனியாக் மேன்ஷனையும் நான் ஒரே தட்டில்தான் வைக்கிறேன்.

இதில் ஒரு சிக்கலான உறவுக்காரர் உண்டு. வாரன் ராபினெட் அட்டாரி 2600 என்ற டிவி கேம் கருவிக்குச் செய்து 1980இல் வெளிவந்த விளையாட்டின் பெயரும் அட்வெஞ்சர்தான். அந்தக் குகை விளையாட்டை ஜாய்ஸ்டிக்குக்குக் கொண்டுவர அவர் எடுத்த முயற்சி அது. சாவி தேடுவது, கோட்டை திறப்பது எல்லாம் இருக்கிறது. ஆனால் டிராகன் துரத்தும்போது யோசிக்க நேரமில்லை, ஓட வேண்டும். பெயர் ஒன்றானாலும் இது ‘ஆக்‌ஷன் அட்வெஞ்சர்’ தட்டுக்குப் போகிறது.

சார், ஆர்பிஜியும் அட்வெஞ்சரும் ஒன்றுதானே? இரண்டிலும் குகை, பூதம், புதையல் வருகிறதே?

குகையும் பூதமும் கரு. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டிலிருந்து ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே ஆடும் ரோல் பிளேயிங் கேம், நேராக இறங்கி வந்தது. அங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, அறிவு, உயிர் என்று எண்கள் உண்டு. பகடை உருட்டி சண்டை நடக்கும். ஜெயிக்க ஜெயிக்க எண்கள் ஏறும். கணினிக்கு எண் என்றால் கொண்டாட்டம். அதனால்தான் 1975லேயே கல்லூரிகளில் இருந்த பிளேட்டோ கணினிகளில் மாணவர்கள் இதை எழுதத் தொடங்கிவிட்டார்கள். 1981இல் ரிச்சர்ட் கேரியட்டின் அல்டிமா, ஆண்ட்ரூ க்ரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் இருவரின் விசார்ட்ரி இரண்டும் வந்தன. விசார்ட்ரியில் ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை நாமே உருவாக்கி, மந்திரவாதி, போராளி என்று பிரித்து வளர்க்க வேண்டும்.

அட்வெஞ்சரில் பூட்டிய கதவுக்கு ஒரே சாவி; அது கிடைக்காவிட்டால் எத்தனை நேரம் உழைத்தாலும் திறக்காது. ஆர்பிஜியில் இன்று முடியாத பூதத்தை, நாலு நாள் சின்னச் சண்டைகளில் வளர்ந்துவிட்டு வந்து வீழ்த்தலாம். வகை புரியாத ஃப்ளாப்பி வந்தால் நான் முதலில் தேடுவது ஏறக்கூடிய எண்கள் இருக்கின்றனவா என்பதைத்தான்.

‘ரோக்லைக்’ என்று இப்போது ஸ்டீம் ஆன்லைன் கடையில் நிறைய வருகிறதே, அதற்கும் பழைய காலத்துக்கும் என்ன சம்பந்தம்?

ரோக் என்பது 1980இல் மைக்கேல் டாய், க்ளென் விச்மேன் இருவரும் யுனிக்ஸ் இயங்குதளத்தில் எழுதிய விளையாட்டு. பின்னர் கென் ஆர்னால்டும் சேர்ந்தார். படம் கிடையாது. @ என்ற குறிதான் நீங்கள். எழுத்துகள்தான் பூதங்கள். ஒவ்வொரு முறையும் நிலவறை புதிதாக உருவாகும், செத்தால் முதலிலிருந்துதான். அதைப் போலச் செய்தவை எல்லாம் ‘ரோக் மாதிரி’ என்ற பெயர் பெற்றன.

முன்மாதிரியின் பெயரே வகையின் பெயராவது பழைய வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 1992இல் வுல்ஃபென்ஸ்டைன் 3டி, 1993இல் டூம் வந்த பிறகு, ஆடுபவரின் கண் வழியாகவே பார்த்துச் சுடும் விளையாட்டுகளைச் சில ஆண்டுகள் ‘டூம் குளோன்’ என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் அப்படித்தான் பேசினார்கள். பர்மா பஜாரிலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் டிவி கேம் கேசட் வாங்கிய தலைமுறையைக் கேளுங்கள். ‘மேரியோ மாதிரி ஒண்ணு இருக்கு’, ‘கான்ட்ரா மாதிரி ரெண்டு பேர் ஆடலாம்’ என்று சொல்லித்தான் கேசட் கைமாறியது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்கள் செய்த அந்த வகைப்பாடு மிகச் சரியானது. கான்ட்ரா மாதிரி என்றால் ஓடிக்கொண்டே சுடுவது. மேரியோ மாதிரி என்றால் குதிப்பது. கதையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, கை செய்யும் வேலையை வைத்தே பிரித்தார்கள். கொடுக்க வருகிறவர்களிடம் ‘நீங்க அப்போ இதை என்னன்னு சொல்வீங்க?’ என்று நான் கேட்பது இதனால்தான். அந்தப் பதிலையும் எழுதி வைக்கிறேன்.

அண்ணா, ஸ்கூல் லேபில் ஆடின டேவ் எந்த வகை? பிரின்ஸும் அதே வகைதானா?

டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா இரண்டும் பிளாட்ஃபார்ம் வகை, அதாவது தளத்துக்குத் தளம் தாவிப் போவது. அதற்குள் இரண்டு கிளை.

இந்த வகையின் தொடக்கத்தில் ஏணி இருந்தது. 1980இல் வந்த ஸ்பேஸ் பேனிக்கில் தளங்களுக்கு இடையே ஏணியில் ஏறி இறங்கலாம், குழி தோண்டலாம், குதிக்க மட்டும் முடியாது. மறு ஆண்டு ஷிகெரு மியாமோட்டோவின் டாங்கி காங் குதிக்க வைத்தது. உருண்டு வரும் பீப்பாயைத் தாண்டும் அந்த ஒரு குதிதான் ஒரு வகையையே உண்டாக்கியது. ஆனாலும் அன்றைய பத்திரிகைகள் அதை ‘ஏறும் விளையாட்டு’ என்றுதான் எழுதின. ஏணி கண்ணில் பட்டது, குதிதான் முக்கியம் என்பது பிறகுதான் தெரிந்தது. 1985இல் சூப்பர் மேரியோ பிரதர்ஸ் வந்தபோது ஏணி போய்விட்டது, குதி நிலைத்துவிட்டது.

டேஞ்சரஸ் டேவை ஜான் ரொமேரோ 1988இல் ஆப்பிள் 2க்குச் செய்தார். நாம் ஆடியது 1990இல் ஐபிஎம் பிசிகளின் இயங்குதளமான டாஸுக்கு வந்தது. பத்து லெவல், ஒவ்வொன்றிலும் கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். மேரியோவின் செல்வாக்கு அப்பட்டமாகத் தெரியும். ஆனால் மேரியோவில் திரை நம்மோடு வழுக்கிக்கொண்டே வரும். டேவில் ஓரத்துக்குப் போனதும்தான் திரை நகரும். அன்றைய ஐபிஎம் பிசிக்கு வழுக்கலாக நகர்த்துவது மிகக் கடினம். 1990இல் ஜான் கார்மேக் அதைச் சாதித்துக் காட்டினார், காட்டுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட பாத்திரமே டேவ்தான். அந்த ரொமேரோவும் கார்மேக்கும் இருந்த குழுதான் பின்னால் டூமைக் கொடுத்தது. நம் பள்ளி லேபுகளில் ஓடிய அந்தச் சின்ன விளையாட்டுக்கு இவ்வளவு பெரிய குடும்பம் இருக்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா 1989. ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் படம் பிடித்து, அதைப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்தார். அதனால் இளவரசனுக்கு உடல் எடை இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் டேவ் எழும்பிவிடுவான். இளவரசன் காலை ஊன்றி, உடலைத் தயார் செய்துவிட்டுத்தான் தாவுவான். ஆகவே கணக்குப் போட்டு முன்கூட்டியே அழுத்த வேண்டும். இதைத் தனிக் கிளையாக வைப்பது நியாயம்.

பாராட்ரூப்பர், ஸ்பேஸ் இன்வேடர்ஸ், கான்ட்ரா எல்லாமே ஷூட்டிங்தானே? ஒரே தட்டு போதாதா?

தட்டு ஒன்று போதும், உள்ளே மூன்று அறை வேண்டும். நின்ற இடத்திலிருந்து அல்லது ஒரே கோட்டில் நகர்ந்து சுடுபவை: 1978இல் டொமோஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1982இன் பாராட்ரூப்பர். திரை நகர, கப்பலில் பறந்துகொண்டே சுடுபவை: 1981இன் டிஃபெண்டர். ஆளாக ஓடிச் சுடுபவை: 1987இன் கான்ட்ரா.

முதற்பொருள் எப்படி வகையையே வடிவமைக்கும் என்பதற்கு ஸ்பேஸ் இன்வேடர்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எதிரிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவர்கள் வேகமாக வருவார்கள் அல்லவா? வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் அந்தச் சின்னச் செயலியின் சுமை குறைந்தது, அதனால் வேகம் கூடியது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டார். போகப் போகக் கடினமாகும் என்ற வழக்கத்துக்கு அது ஒரு பெரிய ஊற்று.

செத்துப்போன வகைகள் உண்டா?

உண்டு. மட்டை வகை முதலில் போனது. 1972இல் பாங், 1976இல் பிரேக்அவுட் என்று ஒரு காலத்தில் அதுதான் எங்கும். குமிழைத் திருப்பி மட்டையை நகர்த்தும் கருவி வீட்டை விட்டுப் போனதும் வகையும் ஒடுங்கியது.

மேஸ் வகையின் கதைதான் எனக்கு வருத்தம் தருவது. 1980இல் டோரு இவாடானியின் பாக்மேன் வந்ததும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு எங்கு பார்த்தாலும் சந்து பொந்துகளில் துரத்தல்தான். க்ராஃபோர்டு அதற்குத் தனிப் பிரிவே கொடுத்தார். டாஸில் நாம் ஆடிய 1983இன் டிக்கர் இந்த வகைக்கு ஓர் அழகான திருப்பம் தந்தது: மண்ணைத் தோண்டி வழியை நாமே உண்டாக்குகிறோம், நாம் உண்டாக்கிய வழியிலேயே எதிரி நம்மைத் துரத்துகிறான். அந்த விளையாட்டை இன்றைய பட்டியல்கள் ‘ஆர்கேட்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகின்றன. ஆர்கேட் என்பது காசு போட்டு ஆடும் கடை. அது இடத்தின் பெயர், முதற்பொருள். அதை வகையாக எழுதினால் டிக்கருக்கு உரிய குடும்பம் தொலைந்துவிடும்.

ஊர் கட்டுவது, நாடு ஆள்வது எல்லாம் எப்போது தொடங்கியது?

நினைப்பதைவிட முன்னால். 1960களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தில் மேபல் ஆடிஸ் என்ற பள்ளி ஆசிரியை பண்டைய சுமேரியாவை ஆளும் விளையாட்டு ஒன்றை மாணவர்களுக்காக எழுதினார். அந்த எண்ணத்தைக் கேட்டு 1968இல் டக் டைமண்ட் சிறியதாக ஒன்று செய்தார். அதை டேவிட் ஆல் பேசிக்கில் மாற்றி 1973இல் தன் நூலில் அச்சிட்டார். அதுதான் ஹமுராபி. தானியம் இவ்வளவு, நிலம் இவ்வளவு, ஜனங்களுக்கு எவ்வளவு சோறு, விதைக்கு எவ்வளவு என்று ஆண்டுக்கு ஒரு முறை முடிவெடுக்க வேண்டும். எலி தின்னும், கொள்ளைநோய் வரும். 1989இன் சிம்சிட்டிக்கும் 1991இன் சிவிலைசேஷனுக்கும் வேர் இந்த நாலைந்து எண்களில் இருக்கிறது.

ஜெயிக்க ஒரு எதிராளி இருந்தால் ஸ்ட்ராட்டஜி, ஓர் அமைப்பைப் பராமரிப்பதே வேலை என்றால் சிமுலேஷன் என்று நான் பிரிக்கிறேன். முறை வைத்து ஆடினால் சிவிலைசேஷன் பக்கம், நேரம் ஓடிக்கொண்டே இருந்தால் 1992இன் டியூன் 2 பக்கம்.

கல்வி விளையாட்டு ஒரு தனி வகைதானே?

அது நோக்கம். 1971இல் மினசோட்டாவில் மூன்று ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் வரலாற்றுப் பாடத்துக்காகச் செய்த ஆரிகன் டிரெயில் உணவையும் குண்டையும் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் விளையாட்டு. ஹமுராபிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. ‘கல்வி’ என்ற குறிப்பு அட்டையில் இருக்கட்டும்.

ஒரே விளையாட்டில் இரண்டு மூன்று வகை இருந்தால்?

எலீட் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். 1984இல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ என்ற கணினியில் செய்தது. கப்பலை ஓட்டுவது, சண்டை போடுவது, ஒரு கிரகத்தில் வாங்கி இன்னொன்றில் விற்பது. 8 மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள், எல்லாம் 32 கிலோபைட் நினைவகத்துக்குள். அதே 1984-85இல் மத்திய அரசு கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கொடுத்ததும் பிபிசி மைக்ரோவைத்தான்.

இப்படிப்பட்டவற்றில் எதை எடுத்துவிட்டால் விளையாட்டே நின்றுபோகும் என்று பார்க்கிறேன். எலீட்டில் சண்டையைத் தவிர்த்து ஓடிவிடலாம், வணிகத்தைக்கூடக் குறைத்துக்கொள்ளலாம். பறக்காமல் ஒன்றும் நடக்காது. ஆகவே முதல் வகை விண்கல ஓட்டம், இரண்டாவது வணிகம். நண்பர்கள் சிலர் வணிகத்தை முதலில் வைப்பார்கள். அந்த வாதம் நல்ல வாதம், நான் மறுப்பதில்லை. இரண்டையும் எழுதிவிடுவதே முறை.

தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் கணினியில் வந்தால் எங்கே வைப்பீர்கள்?

பலகை ஆட்டம் என்ற தட்டில், சதுரங்கத்துக்குப் பக்கத்தில். ஆனால் உள்பிரிவுக்குக் கணினி உலகம் தேவையில்லை, அதைவிட மூத்த ஒரு பகுப்பு இருக்கிறது. எச். ஜே. ஆர். முர்ரே என்ற ஆய்வாளர் 1952இல் உலகப் பலகை ஆட்டங்களை ஐந்தாகப் பிரித்தார்: வரிசை சேர்ப்பது, போர், வேட்டை, ஓட்டம், குழியில் காய் போடும் மன்கலா. ஆடுபுலி வேட்டை, ஒரு பக்கம் பல பேர், மறுபக்கம் சில பேர், இரு பக்கத்துக்கும் விதி வேறு. தாயமும் பரமபதமும் ஓட்டம். பல்லாங்குழி மன்கலா. எட்சாக்கில் டக்ளஸ் எழுதிய எக்ஸ்-ஓ வரிசை சேர்ப்பது, அதுவும் அதே 1952. காயின் உருவத்தையோ பலகையின் அழகையோ பார்க்காமல் ஆடுபவர் செய்வதை வைத்தே முர்ரே பிரித்தார். கணினி விளையாட்டுக்கு நான் கேட்கும் கேள்வியும் இதுதான் என்பதால் அவர் பகுப்பு எனக்கு மிகவும் நெருக்கம்.

டெட்ரிஸ்?

புதிர் வகை. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜிட்னோவ் எலெக்ட்ரானிகா 60 கணினியில் செய்தார். அதில் படம் வரைய வழியில்லை. அடைப்புக்குறிகளை வைத்துத்தான் கட்டங்களைக் காட்டினார். பெட்டிகளைத் தள்ளி இடம் சேர்க்கும் 1982இன் சோகோபான் நிதானமாக யோசிக்க விடும், டெட்ரிஸ் விடாது. அதனால் புதிருக்குள் ‘நேரம் துரத்துவது’ என்று ஓர் அடிக்குறிப்பு போடுகிறேன்.

நானும் என் சேகரிப்பை அடுக்க நினைக்கிறேன். அட்டையில் என்ன எழுதுவது?

பெயர், ஆண்டு, இயந்திரம். அடுத்து வகை: ஆடுபவர் செய்வதை ஒரே வாக்கியத்தில் வினைச்சொல்லோடு எழுதிப் பாருங்கள். ‘நடுவில் நிற்கும் துப்பாக்கியைத் திருப்பி, ஹெலிகாப்டரையும் பாராசூட்டில் இறங்குபவர்களையும் சுடுவது’ என்று பாராட்ரூப்பருக்கு எழுதினால் வகை தானாக வந்து நிற்கும். பிறகு திரையில் வருவன. கடைசியாக, அந்தக் காலத்தில் அதை என்னவென்று அழைத்தார்கள் என்பது. இன்றைய வகைப் பெயரை எழுதிவிட்டு அன்றைய பெயரை அழித்துவிடாதீர்கள். டாங்கி காங் ‘ஏறும் விளையாட்டாக’ இருந்தது என்ற செய்தி போய்விட்டால் அதைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

டிவி கேம் கேசட்டுகளில் மட்டும் மெனுவை நம்பாதீர்கள். லட்சக்கணக்கில் கேம் இருப்பதாகப் போட்டிருக்கும். ஒரே மேரியோ வெவ்வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கி வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் எண்ண வேண்டும்.

இவற்றை இப்போது எதில் ஆடிப் பார்ப்பது? பழைய ஃப்ளாப்பி இருக்கிறது, என்ன செய்யட்டும்?

டாஸ் விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும், சாதாரண லேப்டாப்பில் ஓடும். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பல விளையாட்டுகளை பிரவுசரிலேயே ஆடலாம்.

ஃப்ளாப்பியை டிரைவில் போடுவதற்கு முன் எழுதவிடாமல் பூட்டுங்கள். மூன்றரை அங்குல ஃப்ளாப்பியில் மூலையில் உள்ள சின்னத் தகட்டை நகர்த்தினால் துளை தெரிய வேண்டும். ஐந்தேகால் அங்குலத்தில் நேர்மாறு, ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூட வேண்டும். மூன்றரைக்கு யுஎஸ்பி டிரைவ் கிடைக்கும். ஐந்தேகாலுக்குப் பழைய டிரைவும் அதை ஓட்டும் இயந்திரமும் வேண்டும். ஈரக் காற்றில் இருந்த ஃப்ளாப்பியாக இருந்தால் உள்ளே வட்டில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் போடவே போடாதீர்கள், டிரைவின் தலையும் கெடும், அடுத்தடுத்த ஃப்ளாப்பிகளும் கெடும். நன்றாக இருந்தால் முதலில் முழு வட்டையும் அப்படியே ஒரு கோப்பாக நகலெடுங்கள். ஆடிப் பார்ப்பது நகலில் மட்டும். மேலே ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழிக்காமல் போட்டோ எடுங்கள். பால்பாயின்ட் பேனாவில் யாரோ ‘சூப்பர் ஃபைட்’ என்று எழுதியிருந்தால் அதையும் அட்டையில் சேருங்கள்.